ரெண்டு மணிக் குரல்

வானொலியில் பிராந்திய வானிலை அறிக்கையை அவள் வாசிக்கும் ஏழு நிமிடமும், அந்தக் குரல் கேட்கும் அறைகளில் வெப்பம் நான்கு டிகிரி குறைந்தது. அறை சின்னதாக இருந்தால் ஐந்து. ஜன்னல் திறந்திருந்தால் மூன்று. இதை முதலில் கவனித்தவர் கடைத்தெருவில் முடிவெட்டுபவர். கோடை மதியத்தில் கன்னத்தில் பூசிய சோப்பு நுரை, கத்தியை எடுப்பதற்குள் காய்ந்துவிடுகிற ஊர் அது. அறிக்கை நேரத்தில் மட்டும் நுரை ஈரமாகவே நிற்பதை அவர் ஒரு வாரம் பார்த்தார். பிறகு எதுவும் பேசாமல் ரேடியோவை நாற்காலிக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். மருந்துக் கடைக்காரர் வெப்பமானி வைத்து அளந்து சுவரில் எழுதினார். ரொட்டி சுடுபவர் மட்டும் சரியாக இரண்டு மணிக்கு ரேடியோவை அணைத்துவிடுவார்; இல்லாவிட்டால் பிசைந்து வைத்த மாவு உப்பாமல் படுத்துவிடும். யாரும் இதைப் பெரிய விஷயமாகப் பேசவில்லை. எடை சரியாகப் போடும் கடையைப் பற்றிப் பேசுவதுபோல, "ரெண்டு மணி வந்தா கொஞ்சம் தேவலை" என்றார்கள். அதுவே அவளுக்குப் பெயராகவும் ஆகிவிட்டது. சாலையில் அவள் நடந்து போனால், "ரெண்டு மணி போகுது பாரு" என்பார்கள்.

அவளுக்கு இதில் பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேறு ஊரிலிருந்து இருபத்தாறு வயதில் வேலைக்கு வந்தவள். முதல் கோடையிலேயே முகம் தெரியாதவர்கள் அவளுக்குப் பேருந்தில் இடம் கொடுத்தார்கள். ஒலிபரப்பு அறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரும் தொழில்நுட்பக்காரர் வருடம் முழுக்கக் கம்பளிக் குல்லாய் போட்டிருந்ததால் அவருக்குக் கம்பளி என்று பெயர் வந்ததும் அவளால்தான். அவர் அதற்கு வருத்தப்பட்டதில்லை. ஆனால் மூக்கு மட்டும் எப்போதும் சிவந்திருந்தது.

நிலையத்தின் தீயணைப்பான் உருளைகளைச் சோதிக்க மாதம் ஒரு முறை தீயணைப்பு வண்டி ஓட்டுநர் வருவார். அதிகம் பேசாத ஆள். கனமான சீருடையில் வேர்வை வழிய வந்து, உருளையின் முள்ளைப் பார்த்து, அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதுதான் வேலை. அவள் வந்த பிறகு அவர் வாரம் ஒரு முறை வர ஆரம்பித்தார், அதுவும் இரண்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது. மூன்று மாதத்தில் அந்தப் பிராந்தியத்திலேயே மிக நன்றாகச் சோதிக்கப்பட்ட உருளைகள் அவைதான் என்று கம்பளி சொன்னார். ஒரு நாள் அவளே வெளியே வந்து, "இதுல அப்படி என்னங்க பாக்குறீங்க?" என்று கேட்டாள். அவர் உருளையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "என் வேலையில நான் வேர்க்காம இருக்குறது இந்த ஏழு நிமிஷம்தான்" என்றார். அதுதான் அவர் பெண் கேட்ட விதம். இரண்டாவது கோடை முடிந்ததும் திருமணம் நடந்தது.

குளிர்காலம் வந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. வானொலியைக் கேட்பவர்கள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அது அவர்கள் பாடு. வீட்டில் அப்படி முடியாது. அவள் சமையலறையிலிருந்து "காபி வேணுமா?" என்று கேட்டால், வருகிற காபி ஆறிப்போயிருந்தது. முதல் குளிர்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி பதினாறு நாள் காய்ச்சல். மருத்துவர் காரணம் கேட்டபோது அவர், "வீட்ல கொஞ்சம் பேசிக்கிட்டிருந்தோம்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அவள் குளிர்காலத்தில் வீட்டுக்குள் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்தாள். அவர் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்து, "பேசு, நான் தாங்கிப்பேன்" என்பார். அவள் தலையசைத்து மறுத்துவிடுவாள். வருடத்தில் நான்கு மாதம் அந்த வீட்டில் கையும் கண்ணும்தான் பேசின. சாப்பிட்டாயா என்பதற்கு ஒரு சைகை, கதவு பூட்டியாயிற்றா என்பதற்கு ஒன்று, உன்மேல் கோபம் என்பதற்கு மூன்று. நான்கு மாதம் சண்டை போடாத ஒரே வீடு என்று தீயணைப்பு நிலையத்தில் கேலி செய்வார்கள். அவர் சிரித்துக்கொள்வார். இளவேனிலில் முதல் நாள் அவள் வாய் திறந்து "என்னங்க" என்று கூப்பிட்டால், மனிதர் எங்கிருந்தாலும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பார்.

ஐந்தாவது குளிர்காலத்தில் அவளுக்கு ஆறாம் மாதத்திலேயே பிரசவமாகி, குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. பெரிய மருத்துவமனை எழுபது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மூன்று நாள் கழித்து இருவரும் கடன் வாங்கிய காரில் திரும்பி வந்தார்கள். வெளியே உறைபனி. அவள் வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. இதற்கென்று அவர்களிடம் சைகை எதுவும் இல்லை. பனி விலகி மார்ச் வந்தபோது, அவள் பேசிய முதல் வார்த்தை கேஸ் தீர்ந்துவிட்டது என்பது. பேச வேண்டியதற்கு ஒரு பருவம் உண்டு போலிருக்கிறது. அது தாண்டிவிட்டால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரிவதில்லை. அவரும் கேட்கவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒன்றை மட்டும் வீட்டின் நடுவில் நிற்கிற தூணைப்போலச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

அவள் வேலைக்கு வந்த ஒன்பதாவது கோடையில், ஊருக்குக் கிழக்கே தைலமரக் காட்டில் தீப்பிடித்தது. காட்டுக்குக் கீழே சரிவில் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள். இறங்கி வர ஒரே சாலை. வானிலை அதிகாரி அன்று எழுதிக் கொடுத்த அறிக்கையில் கடும் வெப்பம், பலத்த காற்று, காட்டுத்தீ அபாயம் மிக அதிகம், சரிவில் இருப்பவர்கள் உடனே வெளியேறவும் என்று தெளிவாக இருந்தது. அவள் ஒரு வார்த்தை விடாமல் வாசித்தாள். பதினோரு குடும்பங்கள் மட்டுமே வெளியேறின. நல்ல வேளையாகக் காற்று திசை மாறி, தீ மலைக்கு அந்தப் பக்கம் போய், ஒரு தேனீ வளர்ப்பவரின் நாற்பது பெட்டிகளோடு அணைந்தது.

அதிகாரி ஒல்லியான மனிதர். எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பாதவர். ஏன் யாரும் வெளியேறவில்லை என்று சரிவில் வீடு வீடாகப் போய் விசாரித்தார். இரண்டு வாரம் கழித்து நிலையத்துக்கு வந்து அவள் எதிரில் உட்கார்ந்து, கையில் இருந்த தாளை மடித்துப் பிரித்து, மறுபடி மடித்தார்.

"வெளியேறின பதினொண்ணுல ஏழு வீட்டுல ரேடியோ ரிப்பேரும்மா. ரெண்டு வீட்டுல காது கேக்காதவங்க. ஒருத்தர் எதையுமே கேக்க மாட்டார். நீங்க வெளியேறாதீங்கன்னு சொல்லியிருந்தாலும் வெளியேறியிருப்பார்."

"இன்னும் ஒண்ணு, சார்?"

"ரொட்டிக்காரர் வீடு."

அவர் தாளை மேசையில் வைத்தார். "நீங்க தீ வருதுன்னு சொல்றீங்க. கேக்குறவங்களுக்கு ஜில்லுன்னு இருக்கு. உடம்பு சொல்றதைத்தான் மனுஷன் நம்புவான். எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னாங்க. அப்ப ஒண்ணும் அவ்வளவு சூடா இல்லையே சார்னு."

அவள் பெருமை அன்றோடு போயிற்று. குரலை மாற்றிப் பார்த்தாள். கரகரப்பாக வாசித்தாள், கத்தி வாசித்தாள். கத்தினால் இன்னும் குளிர்ந்தது. ஒரு நாள் வேண்டுமென்றே எரிச்சலோடு வாசித்ததில் மருந்துக் கடைக்காரருக்கு ஜலதோஷம் பிடித்தது. அபாயமான நாட்களில் வேறு யாராவது வாசிக்கட்டும் என்று அதிகாரியும் அவளும் சேர்ந்து நிலைய இயக்குநரிடம் கேட்டார்கள். இயக்குநர் அலமாரியைத் திறந்து, ஒரு நாள் அவள் விடுப்பில் போனதற்கு வந்த முந்நூறு கடிதங்களைக் காட்டினார். "நீங்களே படிச்சுப் பாருங்க. ஒருத்தர் என் தலைமுறையே விளங்காதுன்னு எழுதியிருக்கார்" என்றார். மூன்று கோடைகள் அப்படியே போயின.

பன்னிரண்டாவது கோடையில், மழை பெய்து நூற்றுப் பத்து நாள் ஆகியிருந்த ஒரு வியாழக்கிழமை காலையில் அதிகாரி அறிக்கை எழுதினார். பகல் வெப்பம் நாற்பத்தாறு டிகிரி. ஈரப்பதம் எட்டு சதவீதம். வடகிழக்குக் காற்று மணிக்கு எழுபது கிலோமீட்டர், மலைச்சரிவில் தொண்ணூறு வரை. காட்டுத்தீ அபாயம் உச்சநிலை. அதற்கு மேல் அச்சிட்ட படிவத்தில் கட்டம் இல்லை. மதியம் ஒரு மணிக்குக் காட்டின் மேல் விளிம்பில் புகை தெரிந்தது. ஓட்டுநரின் வண்டி ஒன்று பத்துக்குக் கிளம்பிப் போனது. அதிகாரி தாளைக் கையில் எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு நடந்தே வந்தார். கார் கதவைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு.

சரிவின் நடுவில் ஓட்டுநரின் அக்கா தையற்கடை வைத்திருந்தாள். பின்பக்கம் வீடு, முன்பக்கம் கடை. பருமனான, சிரித்த முகக்காரி. தம்பி மனைவியின் குரல் தங்கள் குடும்பச் சொத்து என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொள்வாள். ஒன்றே முக்காலுக்கு அந்தத் தம்பி மனைவி நிலையத்திலிருந்து தன் நாத்தனாரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, கடையை மூடிட்டுக் கிளம்புங்க. தீ வருது."

"வரட்டும் வரட்டும். இன்னிக்கு ரெண்டு பாவாடை முடிச்சுக் குடுக்கணும்."

"அக்கா, விளையாட்டு இல்ல. வெளிய வந்து பாருங்க, புகை தெரியும்."

"போன்ல பேசினாக்கூட எப்படி ஜில்லுன்னு இருக்கு பாரேன். காதுகிட்ட ஃபேன் வெச்ச மாதிரி. வெச்சிடாதே, இன்னும் கொஞ்சம் பேசு."

அவள் தொலைபேசியை வைத்தாள். ஒலிபரப்பு அறைக்குள் போனாள். கம்பளி குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு தயாராக இருந்தார். அறிக்கைத் தாளோடு கதவருகே நின்ற அதிகாரியை அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். "நீங்க படிங்க, சார்." அவர் எழுந்திருக்கப் பார்த்தார். "எனக்கு மைக்னா பயம்மா. பள்ளிக்கூடத்துலேயே ஒரு தடவை..." அவள் அவர் தோளை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. வெளியே இயக்குநர் கண்ணாடியைத் தட்டியது உள்ளே கேட்கவில்லை. கதவுத் தாழ்ப்பாளைப் போட்டிருந்தவர் கம்பளி. பன்னிரண்டு வருடத்தில் அவர் மேலிடத்தை எதிர்த்துச் செய்த ஒரே காரியம் அது.

அதிகாரி இரண்டு முறை தொண்டையைக் கனைத்தார். தகரத்தில் ஆணியால் கீறுவது போன்ற குரல். முதல் வரியில் நாற்பத்தாறு என்பதை நாற்பத்தாறு புள்ளி இரண்டு என்று திருத்திச் சொன்னார். நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளிலும் மக்கள் ரேடியோவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். ஒன்றும் குளிரவில்லை. கோடையில் பிற்பகல் இரண்டு மணி எப்படி இருக்கும் என்பதே அந்த ஊருக்கு மறந்து போயிருந்தது. பன்னிரண்டு வருடத்துச் சூடும் மொத்தமாக அறைக்குள் நுழைந்ததுபோல இருந்தது என்று பலர் பிறகு சொன்னார்கள். சத்தத்தைக் கூட்டினார்கள், அதிகாரியின் குரல் சத்தமாகக் கேட்டது, அவ்வளவுதான். ரேடியோவைத் தட்டினார்கள். அப்புறம் மூச்சு முட்டி, காற்றுக்காக வெளியே வந்தார்கள். வெளியே வந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். மேற்கு வானம் வழக்கம்போல இருந்தது. கிழக்கே வானமே இல்லை. இரண்டேகாலுக்குச் சரிவுச் சாலையில் முதல் கார் இறங்கியது. இரண்டரைக்கு வரிசை ஒரு கிலோமீட்டர் நீண்டது.

அதற்குள் கம்பளி அவளைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு சரிவின் அடிவாரத்துக்குப் போயிருந்தார். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. சாலை ஒரு சிறு ஓடையைத் தாண்டி வளைகிற இடம் அது. ஓடை வறண்டிருந்தது. அந்த வளைவில் ஓட்டுநரின் வண்டி சாலையோரமாக நின்றது. தொட்டியில் தண்ணீர் தீர்ந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஊரின் இன்னொரு தீயணைப்பு வண்டி மலைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது. தீ இடது பக்கத்துப் புதர்களில் கீழே இறங்கி, ஓடைக் கரைக்கு இருநூறு மீட்டர் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அது வளைவைத் தொட்டால் மேலே இருப்பவர்கள் மேலேயே நிற்க வேண்டியதுதான். ஓட்டுநர் வெற்றுக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு கார்களை விரட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இங்க எதுக்கு வந்தே? போயிடு. கம்பளி, இவளைக் கூட்டிட்டுப் போங்க."

"தண்ணி இருக்கா?" என்று கேட்டாள். அந்த இரண்டு வார்த்தைக்கே ஓட்டுநரின் புருவத்து வேர்வை அடங்கியது. அவர் இல்லை என்று தலையசைத்தார். அவள் வண்டிக்குள் ஏறி, ஒலிபெருக்கியின் மைக்கை எடுத்தாள். கூரைமேல் இருந்த கூம்பைத் தீயைப் பார்த்துத் திருப்பச் சொன்னாள். ஓட்டுநர் வெற்றுக் குழாயைக் கீழே போட்டார். பிறகு மேலே ஏறித் திருப்பினார்.

முதலில் அன்றைய அறிக்கையை வாசித்தாள். அது ஏழு நிமிடத்தில் முடிந்தது. ஓடைக் கரைக்கு அப்பால் இருந்த புதர்கள் பற்றி எரிவதை நிறுத்தவில்லை. ஆனால் தழல் இடுப்பளவுக்குத் தாழ்ந்தது. இரண்டாம் முறை வாசித்தாள். தழல் முழங்காலளவுக்கு வந்து, உள்ளே வரலாமா என்று கேட்டு நிற்கும் ஆளைப்போலக் கரையிலேயே நின்றது. நிறுத்தி மூச்சு வாங்கினால் உடனே நிமிர்ந்தது. காற்று தன் பாட்டுக்கு எழுபதில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் மூன்றாம் முறை வாசித்தபோது குரலில் உயிர் இல்லை, தழலும் அதைக் கண்டுகொண்டது. ஒரே தாளைத் திருப்பித் திருப்பிப் படித்தால் பலிக்காது என்று புரிந்தது. நினைவில் இருந்த பழைய அறிக்கைகளைச் சொன்னாள்: பெருமழை வந்த ஆண்டு, ஆலங்கட்டி விழுந்த ஏப்ரல், ஒன்றுமே நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமை. முக்கால் மணி நேரத்தில் அவையும் தீர்ந்தன. சாலையில் இன்னும் இருநூறு வண்டிகளுக்கு மேல் இருந்தன.

அப்போது அவள் கண் ஓட்டுநர்மேல் விழுந்தது. அவர் நடுச்சாலையில் நின்று ஒரு கையால் கார்களை அழைத்துக்கொண்டு, மறு கையால் சீருடைக் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு டிகிரியில் அவருக்குக் குளிர்ந்தது.

"என்னங்க" என்றாள் ஒலிபெருக்கியில். அவர் திரும்பினார். "என்னங்க, நான் பேசறேன். நீங்க வண்டியெல்லாம் பாருங்க, இங்க பாக்க வேண்டாம்."

பத்துக் குளிர்காலம் சேர்த்து வைத்திருந்ததை அவள் பேச ஆரம்பித்தாள். எந்த வரிசையும் இல்லாமல் வந்தது. ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவதற்காக எத்தனை முறை திட்ட நினைத்தாள் என்று சொன்னாள். அவர் வேலைக்குப் போன பிறகு சைரன் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு நின்றுகொண்டே இருப்பாள் என்றும், திரும்பி வரும்போது எரிச்சலாக முகத்தை வைத்துக்கொள்வது அழாமல் இருப்பதற்காக என்றும் சொன்னாள். அவர் செய்யும் சூப்பில் உப்பு எப்போதுமே அதிகம் என்றாள். மூன்றாவது குளிர்காலத்தில் அவர் தூக்கத்தில் பாடினார், அதைச் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லாமல் போர்வைக்குள் தனியாகச் சிரித்தாள் என்றாள். கார்கள் ஒவ்வொன்றாக வளைவைத் தாண்டிப் போயின. ஒவ்வொரு காரிலும் இருந்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாக்கியம்தான் கேட்டது. தபால்காரருக்கு ஈரத் துண்டு கிடைத்தது. பள்ளிக்கூட ஆசிரியைக்குச் சூப்பு. ஊர் முழுக்கச் சேர்ந்து உட்கார்ந்தால் அந்தப் பேச்சை முழுசாக ஒட்ட வைத்துவிடலாம்; இன்றுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை.

நாலரை மணி சுமாருக்கு அவள் குரல் தாழ்ந்தது. தீ கணுக்காலளவுக்கு இறங்கியது.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து வரும்போது நீங்க காரை ரொம்ப மெதுவா ஓட்டினீங்க. முப்பதுக்கு மேல போகவே இல்ல. பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிச்சாங்க. வாழ்க்கை பூரா வேகமா ஓட்டுற மனுஷன். எனக்கு வலிக்கக் கூடாதுன்னு அப்படி ஓட்டினீங்க. அதுக்கு நான் ஒண்ணுமே சொல்லல. அஞ்சு வருஷமா சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன்."

ஓட்டுநர் கார்களை அழைத்த கை அந்தரத்தில் நின்றது. ஒரு கார் நின்றது, அதன் பின்னால் வரிசை நின்றது. அவர் சுதாரித்துக்கொண்டு மறுபடி கையை ஆட்டினார்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள். "அது பொண்ணு. நர்ஸ் எங்கிட்ட சொன்னாங்க. உங்களுக்குத் தெரியாதேன்னு நான் மட்டும் வெச்சுக்கிட்டேன். உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு நெனச்சேன். அப்படி நெனச்சிருக்கக் கூடாது."

அந்த வாக்கியம் போய்ச் சேர்ந்தது ஒரு காய்கறி வேனுக்கு. வேனின் பின்பக்கத்தில், கழற்றிய தையல் இயந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுநரின் அக்கா உட்கார்ந்திருந்தாள். வேன்காரர் அவள் சொந்தம் என்று தெரிந்து நிறுத்தப் போனார். "நிறுத்தாதே, போ" என்றாள் அவள். "அவங்க பேசட்டும்." பாதி தைத்த பாவாடையால் முகத்தை மூடிக்கொண்டு வளைவைத் தாண்டினாள். ஓட்டுநர் அக்காவைக் கவனிக்கவே இல்லை. அவர் வண்டியை நோக்கி நடந்து வந்து, திறந்திருந்த கதவருகே நின்றார். ஒலிபெருக்கியில் வராத அளவுக்கு மெதுவாகச் சொன்னார்.

"எங்கிட்டயும் சொன்னாங்க."

அவள் மைக்கைத் தாழ்த்தினாள். தீ உடனே மார்பளவு எழுந்தது. "பேசு, பேசு" என்றார் அவர், அவள் முழங்கால்மேல் கையை வைத்து. "நிறுத்தாதே. நான் இங்கயே நிக்கிறேன்." அதன் பிறகு கார்களைக் கம்பளி பார்த்துக்கொண்டார். அவள் இன்னும் ஐம்பது நிமிடம் பேசினாள். அந்தப் பேச்சைப் பற்றிக் கம்பளியிடம் கேட்டால், குல்லாய் காதை மூடியிருந்தது, சரியாகக் கேட்கவில்லை என்பார்.

கடைசி வண்டி இறங்கியது ஐந்து இருபதுக்கு. சரிவில் யாரும் மிச்சம் இல்லை என்று உறுதியானதும் அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்க நிறுத்தினாள். தீ அவள் குரல் பட்ட இடத்தைச் சுற்றிக்கொண்டு, ஓடையைத் தாண்டிச் சாலைக்கு வந்தபோது, வளைவில் ஒருவரும் இல்லை. ஓட்டுநர் அன்று எண்பதில் ஓட்டினார். நானூற்றுப் பன்னிரண்டில் தொண்ணூற்று மூன்று வீடுகள் எரிந்தன. தையற்கடை அவற்றில் ஒன்று. ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. சனிக்கிழமை காற்று அடங்கியது. தீயும் அதன் பின்னால் அடங்கியது. ஓடைக் கரை ஓரமாகக் கருகாத பட்டை ஒன்று பச்சையாக நின்றது. அதிகாரி போய் நாடாவால் அளந்தார். முந்நூற்றுப் பத்து மீட்டர். அந்த ஒலிபெருக்கியின் கேள்தூரத்துக்குச் சரியாக இருந்தது, அவர் குறித்துக்கொண்டார்.

நிலையத்தில் புதிய பணிப்பட்டியல் ஒன்று தட்டச்சு செய்து ஒட்டப்பட்டது. வெறும் வெப்பம் என்றால் அவள் வாசிப்பாள். வெப்பத்தோடு காற்றும் சேர்ந்தால் அதிகாரி. இயக்குநர் அதில் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். அவருடைய மாமனார் வீடும் சரிவில்தான் இருந்தது. அதிகாரியின் குரலைப் பற்றி இன்னமும் கடிதங்கள் வருகின்றன. அவர் குரல் கேட்டாலே சரிவுக்காரர்கள் பாதிப் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவதால், ஒரு முறை அவர் பேருந்தில் பயணச்சீட்டு கேட்டபோது மூன்று பேர் இறங்கிவிட்டார்கள் என்று சொல்வார்கள். இது உண்மையா என்று தெரியவில்லை.

கடை எரிந்துபோனதால் அக்கா ஒன்றரை வருடம் தம்பி வீட்டில் தங்கினாள். முன்னறையில் இயந்திரத்தைப் போட்டு, விட்டுப்போன பாவாடைகளை முடித்துக் கொடுத்தாள். அந்த வருடக் குளிர்காலத்தின் முதல் நாள், காலையில் சமையலறையில் தம்பி மனைவி எப்போதும்போலச் சைகையில் காபி வேண்டுமா என்று கேட்டதையும், தம்பி அதைப் பார்க்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதையும் அவள் பார்த்தாள். மறுபடி சைகை. மறுபடி அவர் கூரையைப் பார்த்தார். பிறகு ஆணியில் தொங்கிய கனத்த சீருடைக் கோட்டை எடுத்து, கழுத்துவரை பொத்தான் போட்டு, மேசையில் வந்து உட்கார்ந்தார்.

"காதுல விழல" என்றார்.

மனைவி அவரைப் பார்த்தாள். "காபி வேணுமா?" என்றாள். காபி ஆறிப்போய்த்தான் வந்தது. அவர் குடித்தார். அக்கா தன் அறைக்குப் போய்ப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, "எனக்குச் சூடா வேணும், நீ பேசாம போடு" என்று உள்ளிருந்து சொன்னாள்.

அதன் பிறகு அவர்கள் குளிர்காலத்திலும் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீளமாக, மற்ற நாட்களில் வேலை முடிந்து வந்து அரை மணி நேரம். அவருக்கு வருடம் ஒரு முறை சளி பிடிக்கும். மருத்துவர் இப்போது காரணம் கேட்பதில்லை, மருந்தை மட்டும் எழுதிக் கொடுக்கிறார். எதிர்வீட்டுக்காரர்கள் ஹீட்டரைத் தெருப்பக்கச் சுவரிலிருந்து உள்பக்கம் மாற்றிக்கொண்டார்கள். அந்த வீட்டுச் சமையலறை ஜன்னலில் கண்ணாடிக்கு உள்பக்கமாகப் பனி பூத்திருந்தால், அவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். தபால்காரர் அப்போது கதவைத் தட்டுவதில்லை. கடிதத்தை வாசலில் வைத்துவிட்டு, கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.